பண்டமான நீரும் பீலிக்கரை மக்களும்

விமர்சனம் கவிதைக்கும் கதைக்கும் மட்டுமே உரியது என்று எவரும் விதித்துவிடவில்லை. அரசுகளும் வங்கிகளும் ஆக்கும் ஆவணங்களும் எழுத்துக்களே. அவற்றிலும் தேர்ந்தெடுத்த சொல் உண்டு, மறைத்த பொருள் உண்டு. ஊன்றிப் படிப்போர் அரிதாகையால் அவை எளிதாய்த் தப்பிவிடுகின்றன. நீரைப் பற்றிய சில வாசகங்களை அவ்வாறு ஊன்றிப் படிப்பதே இங்கு நம் நோக்கம்.

1992ஆம் ஆண்டு சனவரியில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் கூடிய சர்வதேச மாநாடு நான்கு கோட்பாடுகளை வெளியிட்டது. நீரைப் பொருளாதாரப் பண்டமாக ஏற்கவேண்டும் என்பது நான்காவது. தூய நீர் பெறுவது மாந்தர் யாவர்க்கும் அடிப்படை உரிமை என்றும் அதன் விளக்கம் கூறுகிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அவ்வுரிமை, தாங்கக்கூடிய விலை கொடுத்துப் பெறும் உரிமை! உரிமையின் வாலிலே விலைச்சீட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தாங்கக்கூடியது எதுவென்று தீர்ப்பவர் யார், வாங்குபவனா, விற்பவனா? அதைப் பற்றி வாசகம் வாய் திறக்கவில்லை.

இக்கோட்பாடு கடன் கொடுக்கும் வங்கிகளின் பாஷையாகி நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் அமைச்சரவை ஏற்ற தேசிய நீர்வளக் கொள்கை, கைமாற்றத்தக்க நீர் உரித்துகளைப் பற்றிப் பேசிற்று. உரித்து இனிய சொல்தான். கைமாற்றலாம் என்றதும் அது சரக்காகிவிடுகிறது. 2003இல் நீர்ச் சேவைகள் மறுசீரமைப்புச் சட்டமூலம் எழுந்தது. மாகாண சபைகளின் கருத்தை அறியாமல் அதை நிறைவேற்றலாகாது என்று உயர் நீதிமன்றம் கூறவே, அது சட்டமாகாமல் நின்றது. விவசாய இயக்கங்களும் தொழிற்சங்கங்களும் எழுப்பிய எதிர்ப்புக்கு அதிற் பெரும் பங்குண்டு. பொலிவியாவின் கொச்சபம்பா நகர மக்கள் 2000ஆம் ஆண்டில் தனியார் நீர்க் கம்பனியை வெளியேற்றிய செய்தியும் அக்காலத்துப் போராளிகளுக்கு ஊக்கமளித்தது. இவை மெய்யான வெற்றிகள்.

ஆயினும் அந்த எதிர்ப்பின் கற்பனையையும் விமர்சகன் சீர்தூக்க வேண்டாமா? அது குளத்தையும் வயலையும் கண்டது. பராக்கிரமபாகு மன்னனின் நினைவு அதற்குத் துணைநின்றது. 'பொதுச் சொத்தான நீரை விற்காதே' என்பதே முழக்கம். பீலிக்கரையில் குடத்தோடு நிற்பவளுக்கு அந்நீர் என்றைக்குப் பொதுச் சொத்தாயிருந்தது?

வரக்காப்பொலவை எடுத்துக்கொள்வோம். கொழும்பு–கண்டி வீதியில் அமைந்த ஊர். தென்மேற்குப் பருவமழை பொய்க்காத கேகாலை மாவட்டம். அயலிலே மா ஓயா ஓடுகிறது. இங்கு இறப்பர்த் தோட்டங்களும் சிங்களக் கிராமங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வானம் தருவதில் இரு சாராருக்கும் வேற்றுமை இல்லை. கிராமத்தவன் தன் காணியில் கிணறு தோண்டலாம்; பிரதேச சபையிடம் முறையிடலாம். விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்படும் தொழிலாளிக்கு லயக்காம்பிரா நிற்கும் நிலமும் சொந்தமில்லை, ஊற்றுக்கண் இருக்கும் மலைச்சரிவும் சொந்தமில்லை. ஊற்றிலிருந்து பீலிக்கு நீரைக் கொண்டுவரும் குழாய் தோட்டத்தின் குழாய். வேலை கொடுப்பவனே வீடு கொடுப்பவன். வீடு கொடுப்பவனே தண்ணீர் கொடுப்பவன். வெள்ளைத்துரை காலத்தில் இதுவே நிலைமை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னும் குழாய் நிருவாகத்தின் கையிலேயே இருந்தது. டப்ளின் மாநாடு நடந்த அதே 1992இல் தோட்டங்களின் நிருவாகம் பிரதேசக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நீரைத் தனியாருக்கு விற்கும் சட்டமூலம் ஒன்றும் அதற்குத் தேவைப்படவில்லை!

பிரதேச சபை ஏன் வரவில்லை என்று கேட்கலாம். தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமே தடையாய் நின்றது. 2018இல் தான் அது திருத்தப்பட்டது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகம், வாக்குரிமை மீண்டபின்பும், தான் வாக்களித்த சபையிடம் ஒரு குழாயைக் கேட்டுப் பெறச் சட்டப்படி வழியின்றி இருந்தது என்பது இதன் பொருள்.

நியாயத்துக்காக இன்னொன்றும் சொல்லவேண்டும். உலக வங்கிக் கடனுதவியோடு 1993 முதல் இரத்தினபுரி, பதுளை, மாத்தறை மாவட்டங்களில் நடந்த சமுதாய நீர் வழங்கல் திட்டத்தை, வங்கியின் பெயரைக் கண்டவுடனே நாம் தூற்றப்போவதில்லை. மக்கள் உழைப்பாலும் பணத்தாலும் பங்கேற்று, தாமே சங்கம் அமைத்து நீரை நடத்தும் முறை அது. ஆனால் 'சமுதாயம்' என்ற அச்சொல், ஊற்றின் மீதும் நிலத்தின் மீதும் ஏதோ ஒரு பிடியுள்ள மனிதரை முன்கூட்டியே கற்பித்துக்கொள்கிறது. அந்தப் பிடி லயத்து மக்களுக்கு எங்கே இருக்கிறது? நீரின் கதை இவ்விடத்தில் காணியின் கதையாகிறது. காணியுரிமையைப் பேசாத நீர்க் கொள்கை, அரசு எழுதினாலும் சரி, அரசை எதிர்ப்போர் எழுதினாலும் சரி, பாதிக் கொள்கையே.

2010ஆம் ஆண்டு சூலை 28இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நீரை மனித உரிமையாக அங்கீகரித்தது. 122 நாடுகள் ஆதரித்தன. 41 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றுமில்லை. டப்ளின் வாசகத்தோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றந்தான். இனி வரக்காப்பொலப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர், தம் மாணவர் வாழும் லயத்துக்கு நல்ல குழாய் ஒன்று வேண்டும் என மனு எழுத உட்காருகிறார் என்று கொள்வோம். முகவரியை எழுதும்போதே அவர் பேனா நின்றுவிடும். கம்பனிக்கு எழுதுவதா, பிரதேச சபைக்கு எழுதுவதா, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு எழுதுவதா?