பங்குப் பரிவர்த்தனை நிதியங்களும் அடிப்படைப் பகுப்பாய்வும் – ஒரு விமர்சன நோக்கு

ஒரு பங்கின் விலை வேறு. அதன் பெறுமதி வேறு. இவ்வேறுபாட்டை ஓர் ஆய்வுமுறையின் அத்திவாரமாக்கிய பெருமை கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பெஞ்சமின் கிரஹாம், டேவிட் டொட் ஆகிய இருவருக்கும் உரியது. 1929 ஆம் ஆண்டுச் சந்தை வீழ்ச்சியின் பின்னணியில் உருப்பெற்று 1934 இல் வெளிவந்த அவர்களது ‘பிணையப் பகுப்பாய்வு’ என்னும் நூல், கம்பனியொன்றின் ஐந்தொகையையும் இலாப நட்டக் கணக்கையும் ஊன்றிக் கற்று, அதன் சம்பாதிக்கும் ஆற்றலை மதிப்பிட்டு, அம்மதிப்பீட்டை விலையுடன் ஒப்புநோக்கும் முறைமையை வகுத்தளித்தது. அடிப்படைப் பகுப்பாய்வு என வழங்குவது இதுவே. அதன் ஆய்வுப்பொருள் தனியொரு கம்பனி என்பது மனங்கொள்ளத்தக்கது.

1993 சனவரியில் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனையில் வேறொரு பொருள் விலைக்கு வந்தது. ஸ்ராண்டர்ட் அன்ட் புவர்ஸ் 500 சுட்டெண்ணிலுள்ள கம்பனிகள் அனைத்தினதும் பங்குகளை ஒரு பொதியாக்கி, அப்பொதியின் கூறுகளைத் தனிப் பங்குபோல நாள் முழுதும் வாங்கவும் விற்கவும் இடமளித்த நிதியம் அது. அதனை வடிவமைத்தோருள் முதன்மையானவரான நதன் மோஸ்ற் முன்னர் பண்ட வணிகத்தில் ஈடுபட்டவர். பண்டம் களஞ்சியத்திற் கிடக்க, அதற்கான பற்றுச்சீட்டு மாத்திரம் கைமாறும் வழக்கமே அவருக்கு முன்மாதிரியாயிற்று என்பர். பற்றுச்சீட்டை ஆராய்ந்து பண்டத்தின் தரத்தை அறிய முடியுமா? நிதியங்களுக்கு அடிப்படைப் பகுப்பாய்வைப் பிரயோகிக்க முனைவோர் எதிர்கொள்ளவேண்டிய முதல் வினா இதுவாகும்.

இவ்வினாவைப் பலர் எதிர்கொள்வதில்லை. நிதியத்தின் தரவுத்தாளில் அச்சிடப்பட்டுள்ள விலை–இலாப விகிதத்தை எடுத்து, 15 எனில் மலிவென்றும் 30 எனில் கிராக்கியென்றும் தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். அவ்விகிதம் எவ்வாறு கணிக்கப்பட்டதென்பதே தீர்ப்பைப் பெருமளவு நிர்ணயிக்கின்றது. நிதியமொன்று இரு கம்பனிகளில் 100 டொலர் வீதம் முதலிட்டுள்ளதெனக் கொள்வோம். ஒன்றின் விகிதம் 10. மற்றையதன் விகிதம் 40. இரண்டையும் கூட்டி இரண்டாற் பிரித்தால் 25 வரும். ஆனால் முதலாவது 10 டொலரும் இரண்டாவது 2.50 டொலரும் உழைக்கின்றன. 200 டொலருக்கு 12.50 டொலர் இலாபம். உண்மை விகிதம் 16 ஆகும். இனி, 100 டொலர் முதலீட்டுக்கு 5 டொலர் நட்டமடையும் மூன்றாவது கம்பனியொன்றைச் சேர்ப்போம். நட்டத்தைக் கழித்துக் கணித்தால் விகிதம் 40. நட்டத்தைப் பூச்சியமெனக் கொண்டால் 24. அக்கம்பனியைக் கணிப்பிலிருந்தே நீக்கிவிட்டால் மீண்டும் 16. ஒரே பொதிக்கு மூன்று விடைகள்! நட்டமடையும் கம்பனிகளை விலக்கியும், மிகையான விகிதங்களுக்கு உச்சவரம்பிட்டும் கணிக்கும் வழக்கம் நிதியங்களிடையே உண்டு. சிறு கம்பனிகளைக் கொண்ட நிதியங்களில், நட்டக் கம்பனிகள் மலிந்துள்ள காரணத்தால், இது கண்ணைக் கட்டும் வித்தையாகவே முடிந்துவிடுகின்றது. ஐந்தொகையின் அடிக்குறிப்பு வரை சென்று வாசிக்கவேண்டும் என்று கற்பித்த மரபின் பெயரால், அடிக்குறிப்பற்ற ஓர் இலக்கத்தை வாசிப்பது முரண்நகையன்றி வேறென்ன?

எனவே பகுப்பாய்வு பொதியினின்று விதிக்குச் செல்லவேண்டியுள்ளது. எந்தக் கம்பனி உள்ளே வரும், எந்த நிறையில் வரும், எப்போது வெளியேறும் என்பவற்றை வகுக்கும் விதியே நிதியத்தின் உயிர்நிலை. 2020 டிசெம்பர் 21 ஆம் நாள் ரெஸ்லா கம்பனி மேற்கூறிய சுட்டெண்ணிற் சேர்ந்தமை இதற்குத் தக்க சான்று. அச்சுட்டெண்ணுக்கு ஓர் அடிப்படை நிபந்தனை உண்டு: அண்மைய காலாண்டில் இலாபம் இருத்தல் வேண்டும், முந்திய 4 காலாண்டுகளின் கூட்டுத்தொகையும் இலாபமாக இருத்தல் வேண்டும். ரெஸ்லா இந்நிபந்தனையை நிறைவேற்றியது. ஆனால் அந்த 4 காலாண்டுகளின் இலாபத்தோடு ஒப்பிடுகையில் அதன் சந்தைப் பெறுமதி ஆயிரம் மடங்கைக் கடந்திருந்தது. விதி இலாபம் உண்டா என்று மட்டும் வினவிற்று. அவ்விலாபத்துக்கு என்ன விலை கொடுக்கப்படுகின்றது என்று வினவவில்லை. கிரஹாம் முதன்மையாகக் கருதிய வினா இரண்டாவதே. சுட்டெண்ணைப் பின்பற்றும் நிதியங்கள் யாவும் அந்நாளையொட்டி அப்பங்கை வாங்கியே தீரவேண்டியிருந்தன.

இதனைக் காட்டி, விலை ஏறஏற இத்தகைய நிதியங்கள் அப்பங்கையே மேலும் மேலும் வாங்குகின்றன எனக் கண்டிப்போர் உளர். இக்கண்டனம் ஓரளவே பொருந்தும். சந்தைப் பெறுமதியை நிறையாகக் கொண்ட நிதியத்தில், விலை உயர்ந்த பங்கின் நிறை தானாகவே உயர்கின்றது. அதற்காக மேலதிகமாக ஒரு பங்கும் வாங்கவேண்டியதில்லை. புதிய பணம் வரும்போதுதான், விலைகளின் விகிதாசாரத்தை அப்படியே ஏற்று அது பகிரப்படுகின்றது. நிதியம் தீர்ப்பளிப்பதில்லை, பிறர் அளித்த தீர்ப்பை இரவல் வாங்குகின்றது. அவ்வாறாயின் தீர்ப்பளிப்போர் யாவர்? சன்ஃபோர்ட் குரொஸ்மன், ஜோசப் ஸ்ரிக்லிற்ஸ் ஆகியோர் 1980 இல் வெளியிட்ட கட்டுரை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. தகவல் முழுவதையும் விலைகளே வெளிப்படுத்திவிடுமாயின் பணம் செலவிட்டுத் தகவல் தேடுவதற்கு எவருக்கும் ஊக்கம் இராது; எவரும் தேடாவிடின் விலைகள் தகவலை வெளிப்படுத்தமாட்டா என்பது அவர்களது வாதம். நிதிய முதலீட்டாளன் ஆண்டொன்றுக்கு 0.1 வீதத்துக்கும் குறைவான கட்டணத்தில் நிம்மதியாக இருக்க முடிவது, எங்கோ வேறொருவன் கணக்கேடுகளுடன் மல்லாடுவதனாலேயாம். கிரஹாமே 1976 இல், தமது வாழ்வின் இறுதி ஆண்டில் அளித்த நேர்காணலொன்றில், விரிவான பகுப்பாய்வு நுட்பங்களை இனித் தாம் பரிந்துரைப்பதற்கில்லை என்ற கருத்தை வெளியிட்டார். நுட்பம் பிழையென்பதாலன்று, அதனைக் கையாள்வோர் பெருகிவிட்டமையால் செலவுக்கேற்ற பயன் கிட்டுமா என்பதே அவரது ஐயம்.

நிதியத்துக்கு அதன் சொத்துகளினின்று வேறான ஒரு விலையும் உண்டு. அவ்விலை தேறிய சொத்துப் பெறுமதியை விட்டு விலகும்போது, பெரு நிறுவனங்கள் பங்குப் பொதியைக் கொடுத்து நிதியக் கூறுகளைப் பெறுவதாலோ, கூறுகளைக் கொடுத்துப் பொதியைப் பெறுவதாலோ இடைவெளி மூடப்படுகின்றது. வழமையாக இது ஒழுங்காகவே நிகழும். 2020 மார்ச்சில், பெருந்தொற்றின் பீதியிடையே, பெரிய முறி நிதியங்கள் சிலவற்றின் விலை தேறிய சொத்துப் பெறுமதியிலும் 5 வீத அளவுக்குத் தாழ்ந்தது. மலிவென எண்ணியோர் அவசரப்பட்டனர் எனலாம். முறிகள் அந்நாட்களில் அரிதாகவே கைமாறியமையால், சொத்துப் பெறுமதி பழைய விலைகளைக் கொண்டு மதிப்பிடப்பட்டிருந்தது. பிழைபட்டது நிதியத்தின் விலையன்று. அதனை அளந்த கோலே.

பொன்னையும் எண்ணெயையும் கொண்ட நிதியங்களைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. பொன் இலாபம் உழைப்பதில்லை. ஆதலால் அங்கே இப்பகுப்பாய்வுக்குப் பொருளே இல்லை. எண்ணெய் நிதியம் எண்ணெயையன்றி எதிர்கால ஒப்பந்தங்களையே வைத்திருப்பது. 2020 ஏப்ரல் 20 இல் மே மாத ஒப்பந்தத்தின் விலை பூச்சியத்துக்குக் கீழே 37.63 டொலர் வரை இறங்கியபோதுதான் பலர் இவ்வேறுபாட்டைக் கண்டுகொண்டனர்.

இவ்வாறெல்லாம் கூறுவதால் பொதியளவிலான பகுப்பாய்வு முற்றிலும் பயனற்றது என்றாகிவிடாது. யப்பானின் நிக்கெய் சுட்டெண் 1989 டிசெம்பர் இறுதியில் 38,915 ஆக உயர்ந்து நின்றபோது, தோக்கியோச் சந்தையின் விலை–இலாப விகிதம் 60 மடங்கை அண்டியிருந்தது. கம்பனிகள் ஒன்றன் பங்கை மற்றொன்று வைத்திருந்தமையும், தேய்மானக் கணக்கீட்டின் வேறுபாடுகளும் அவ்விகிதத்தை மிகைப்படுத்தின என்பது உண்மையே. கெனத் ஃபிரெஞ்ச், ஜேம்ஸ் பொற்றேர்பா ஆகியோர் இவற்றைத் திருத்தி 1991 இல் ஆராய்ந்தபோது இடைவெளி வெகுவாகக் குறைந்தது. ஆயினும் விலைகளின் எழுச்சியும் வீழ்ச்சியும் எளிதில் விளக்கப்படவில்லை. அடிக்குறிப்பு வரை சென்ற வாசிப்பு இவ்வகையினது. அந்த உச்சத்தை நிக்கெய் மீண்டும் தாண்டியது 2024 பெப்ரவரியிலாகும். இடைப்பட்ட காலத்தில், 2010 முதல், யப்பான் மத்திய வங்கியே இத்தகைய நிதியங்களை வாங்கத் தொடங்கி, அந்நாட்டுப் பங்குகளின் மிகப் பெரிய உடைமையாளருள் ஒன்றாயிற்று. புதிய கொள்வனவுகளை 2024 மார்ச்சில் நிறுத்திக்கொண்டது. கம்பனிகளின் இலாபத்தை ஆராய்ந்து அது வாங்கியதில்லை. நாணயக் கொள்கையின் தேவைக்காகவே வாங்கியது. அவ்வாண்டுகளில் யப்பானிய நிதியமொன்றின் விலையைக் கணக்கேடுகளைக் கொண்டு மதிப்பிட முயன்றவன், மத்திய வங்கியின் கொள்கை அறிக்கைகளையும் அருகில் வைத்தே வாசிக்கவேண்டியிருந்தது.