ரசீது கேட்ட மனிதன்

வழக்கறிஞரின் மேசைமீது இரண்டு டாலரைச் சில்லறையோடு எண்ணி வைக்கிறார் ஒரு முதியவர். கறுப்பினத்தவர், செய்யாத கொலைக்குச் சிறை சென்று மீண்டவர். அவரைக் கொல்லும் வேடிக்கை காண ஊரே திருவிழாக்கூட்டமாய்த் திரண்டிருந்தது. இப்போது பணத்தை எண்ணி வைத்தும் அவர் நகரவில்லை. இன்னும் எதற்காகக் காத்திருக்கிறாய் என்கிறார் வழக்கறிஞர். ரசீதுக்காக என்கிறார் முதியவர்!

கண்ணீர் இல்லை, கைகூப்பு இல்லை, காலில் விழுதல் இல்லை. கொடுத்தேன் கூலி, கொடு ரசீது. உயிர் காத்தவரிடம் நன்றி கெட்டவன் என்பர் சிலர். நீதி ஒருவன் இடும் பிச்சையா, மனிதனின் உரிமையா? பிச்சையானால் கும்பிடலாம். உரிமையானால் ரசீதுதான் கேட்க வேண்டும்!

வில்லியம் ஃபாக்னரின் புதினத்தைக் கொண்டு கிளாரன்ஸ் பிரவுன் 1949இல் இயக்கிய ‘இன்ட்ரூடர் இன் தி டஸ்ட்’ படத்தில் வருகிறது இக்காட்சி. முதியவர் லூகாஸாக நடித்தவர் ஹுவானோ ஹெர்னாண்டஸ். போர்ட்டோ ரிக்கோத் தீவில் பிறந்தவர், பள்ளிப்படிப்பு வாய்க்காதவர். சர்க்கஸ் கூடாரத்தில் குட்டிக்கரணம் போட்டார், குத்துச்சண்டை மேடை ஏறினார், பாடினார், வானொலியில் பேசினார். ஸ்பானிய மொழியில் வளர்ந்த அவர் ஆங்கில உச்சரிப்பைத் தாமே பயின்று தீட்டிக்கொண்டார். ஹாலிவுட் அவரைத் தேடி வந்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

அதே 1949இல் நிறவெறியைச் சாடுவதாகச் சொல்லி வேறு படங்களும் வந்தன. ‘பிங்கி’, ‘லாஸ்ட் பௌண்டரீஸ்’ இரண்டிலும் கதையின் நடுநாயகர் கறுப்பினத்தவர், நடித்தவரோ வெள்ளையர்! கறுப்பரின் துயரத்தைக் காட்டவும் வெள்ளை முகமே தேவைப்பட்டது. அந்த ஆண்டில்தான் ஹெர்னாண்டஸ் தன் சொந்த முகத்தோடு திரையில் நிமிர்ந்து நின்றார்.

நிமிர்ந்து நின்றார் என்பது அலங்காரச் சொல்லன்று. பனிநீரோடையில் விழுந்த வெள்ளைச் சிறுவனைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று, உடையை உலர்த்தி, உணவளிக்கிறார் லூகாஸ். சிறுவன் காசு நீட்டுகிறான், மறுக்கிறார். அவன் காசைத் தரையில் எறிகிறான். லூகாஸ் அதட்டவில்லை, குனியவும் இல்லை. பொறுக்கி எடுக்கச் சொல்கிறார், சிறுவர்கள் பொறுக்குகிறார்கள். விருந்தோம்பலுக்கு விலை இல்லை என்ற பாடத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த ஆசிரியர் நடத்த முடியும்?

அவர் உயிரைக் காப்பது எது? பிரார்த்தனையன்று, சான்று! கொல்லப்பட்டவன் உடலில் பாய்ந்தது தன் துப்பாக்கிக் குண்டன்று, கல்லறையைத் தோண்டிப் பாருங்கள் என்கிறார் லூகாஸ். இரண்டு சிறுவர்களும் ஒரு மூதாட்டியும் இரவோடு இரவாகத் தோண்டுகிறார்கள். வதந்தியை நம்பிக் கூடியது ஊர். ஐயத்தை நம்பி மண்வெட்டி எடுத்தவர் மூவர். மூவரே வென்றனர்.

இதற்கு எதிர்ப்பக்கம் 1950இல் வந்த ‘ஸ்டார்ஸ் இன் மை கிரௌன்’. இதிலும் ஹெர்னாண்டஸ் முதியவர்தான். அவருடைய நிலத்தைப் பறிக்க முகமூடிக் கும்பல் தூக்குக்கயிறோடு வருகிறது. பாதிரியார் முதியவரின் உயிலை வாசிக்கிறார்: கொல்ல வந்த ஒவ்வொருவனுக்கும் ஏதோ ஒன்றை அன்போடு எழுதி வைத்திருக்கிறாராம். கும்பல் வெட்கிக் கலைகிறது. பார்த்தால், அது வெற்றுத்தாள்! இது கடவுளின் உயில் என்கிறார் பாதிரியார். உருக்கமான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள்: அந்த முதியவர் எதிரிகளுக்கெல்லாம் வாரி வழங்குபவராக இருந்தால்தான் உயிர் வாழத் தகுதியா? லூகாஸ் யாருக்கும் நல்லவராக நடித்துக் காட்டவில்லை. குற்றமற்றவர், அது போதும். முன்னது கருணையின் கதை. பின்னது நீதியின் கதை.

லூகாஸின் படத்திலும் குறையுண்டு. ரசீதோடு அவர் தெருவில் இறங்கி நடக்க, மேலே நின்று பார்க்கும் வழக்கறிஞரும் சிறுவனும் அவரைத் தம் மனச்சான்றின் காவலர் என்று போற்றுகிறார்கள். வெள்ளையர் மனச்சான்றைக் காப்பதா அவர் வேலை? அவருக்கென்று ஒரு வாழ்வு இல்லையா? ரசீதோடு படம் முடிந்திருக்க வேண்டும்.

திரைக்கு வெளியே நடந்ததோ இன்னும் கசப்பு. மிசிசிப்பியின் ஆக்ஸ்போர்டு ஊரில் படப்பிடிப்பு நடந்தபோது, உடன் நடித்த வெள்ளையரோடு ஒரே விடுதியில் தங்க அவருக்கு இடமில்லை. கறுப்பினக் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கினார். நிறவெறிக்கு எதிரான படத்தின் நாயகனுக்கே நிறத்தால் தடை! படம் வசூலில் தோற்றது. புகழ் வந்தது, பெரிய வேடங்கள் வரவில்லை.

வந்த சிறு வேடங்களில் அவர் சிறுமைப்படவில்லை. ‘டிரையல்’ (1955) படத்தில் நீதிபதி. ‘தி பான்புரோக்கர்’ (1964) படத்தில், அடகுக்கடைக்காரரோடு தத்துவம் பேச ஏங்கி வரும் தனியர். தொலைக்காட்சியில் 1961இல் ‘ரூட் 66’ தொடரில் முதிய இசைக்கலைஞர். ‘தி பிரேக்கிங் பாயிண்ட்’ (1950) படத்தில் கொல்லப்படும் படகுத் தொழிலாளி. அப்படத்தின் முடிவில், காயமுற்ற வெள்ளை நாயகனைச் சூழ்ந்த கூட்டம் கலைந்தபின், தந்தை வருவாரெனத் துறைமுகத்தில் தன்னந்தனியே நிற்கிறான் ஒரு கறுப்பினச் சிறுவன். அவனிடம் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. நடித்தவன் ஹெர்னாண்டஸின் சொந்த மகனே. ஹாலிவுட் தன்னையறியாமல் எழுதிக்கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அந்தக் காட்சி!

1970இல் சான் ஜுவான் நகரில் அவர் மறைந்தார். திரையுலகம் அவர் உழைப்புக்குச் சில்லறையைத்தான் எண்ணிக் கொடுத்தது. ஆனால் தலைகுனியாமல் நிற்பது எப்படி என்பதைத் திரையில் காட்டிச் சென்றார். தன்மானம் பேசும் இளைஞர்கள் அந்தப் படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். பார்த்தபின், உரிமையைப் பெறும் இடத்தில் நாம் கும்பிடு போடுகிறோமா, ரசீது கேட்கிறோமா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.