வரமல்ல, உழைப்பு!

கண்ணின் பார்வை ஆண்டுக்கு ஆண்டு குறுகிக்கொண்டே வருகிறது. அந்தக் கண்ணைக் கொண்டே ஒரு மனிதர், மதுரைக் கோபுரங்களையும் யானைமலையையும் வைகையாற்றையும் சென்னை நகரின் பழம்பெருங் கட்டடங்களையும் மையும் பேனாவும் கொண்டு நுண்கோடுகளால் வரைந்து குவிக்கிறார். காண்போர் வியக்கின்றனர். வியப்பு அடங்குமுன் விளக்கமும் பிறந்துவிடுகிறது: எல்லாம் இறைவன் கொடுத்த வரம்!

வரமாம்! ஒரு கையால் கண்ணொளியைப் பறித்துக்கொண்டு, மறு கையால் கலையை ஈந்தானோ? ஈயும் மனமுடையவன் பறிப்பானேன்? பறிப்பதே அவன் வழக்கமென்றால் அவனைப் போற்றுவானேன்? கேட்டால், "முன்வினைப் பயன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வர். நோய் வந்தால் வினை, திறமை வந்தால் அருள்! இரண்டுக்கும் நடுவே நாளெல்லாம் குனிந்திருந்து கோடு இழுத்தானே மனிதன், அவனுக்கு என்ன பங்கு?

மனோகர் தேவதாசின் ஓவியங்களைப் பற்றிய பேச்சில் நான் எழுப்ப விரும்பும் வினா இதுதான். அவருடைய இறைநம்பிக்கை எத்தகையது என்பது அவருக்கே உரிய செய்தி; அதில் நமக்கு வழக்கில்லை. அவருடைய ஓவியம் எதனால் ஆனது என்பதே நமது ஆராய்ச்சி.

1936இல் மதுரையில் பிறந்தவர். வேதியியல் கற்றவர். சென்னைக்கு வந்து மின்கலத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். மயிலையின் கடலோரப் பகுதியான சாந்தோமில் நெடுங்காலம் வாழ்ந்தவர். 2020இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வு பெற்று, 2022 டிசம்பர் 7ஆம் நாள் மறைந்தார். 1850இல் தோன்றிய எழும்பூர் ஓவியப் பள்ளி இருக்கிறதே, அங்கே பயின்று பட்டம் பெற்றவரல்லர். ஓவியம் அவருக்குச் சோறு போட்ட தொழிலுமன்று. தொழிற்சாலை தந்த ஊதியத்தில் குடும்பம் நடந்தது. தொழிற்சாலை விட்டுவைத்த நேரத்தில் ஓவியம் வளர்ந்தது.

இதைத்தான் "பொழுதுபோக்கு" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். பொழுதைப் போக்குவதா அது? பொழுதை ஆக்குவதல்லவா! பாரிசு நகரத்துச் சுங்கச் சாவடியில் வரி தண்டிக்கொண்டிருந்த ஆன்றி ரூசோவை அந்நாளைய மேதாவிகள் "ஞாயிற்றுக்கிழமை ஓவியர்" எனச் சொல்லிச் சிரித்தனர். சிரித்தவர் பெயர் இன்று யாருக்குத் தெரியும்? ரூசோவின் படங்களோ உலகின் பெரிய காட்சிக்கூடங்களில் தொங்குகின்றன. கலைக்குப் பிறப்புரிமை இல்லை. பரம்பரைப் பாத்தியதை இல்லை. மார்கழி பிறந்தால் மயிலைச் சபாக்களில் இன்னார் மகன், இன்னார் மாணாக்கர் என்று மரபுப் பட்டியல் வாசிக்கப்படுகிறதே, அந்தப் பட்டியலில் இடமில்லாத மின்கல வேதியியலார் ஒருவர், அதே மயிலையின் ஓரத்தில் உட்கார்ந்து, தான் விரும்பியதைத் தன் விருப்பப்படி வரைந்தார். அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கலையுலகின் வாயிற்காவலர்களுக்கு இதைவிட நல்ல விடை வேண்டுமா?

இனி அந்தக் கண்ணைப் பார்ப்போம். அவருக்கு வந்த நோய் விழித்திரையைத் தாக்குவது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்பது மருத்துவர் வைத்த பெயர். விழித்திரையில் மங்கிய ஒளியைக் காணும் உயிரணுக்கள் முதலில் சாகின்றன. மாலைக் கண் நேர்கிறது. பின்பு பார்வையின் ஓரங்கள் கரைகின்றன. நடுவில் சிறு வட்டம் மட்டும் எஞ்சுகிறது. குழாய்க்குள் கண்ணை வைத்து உலகைப் பார்ப்பதுபோல! மரபணுப் பிழை இதற்குக் காரணம். ஒருவர் பிழையற்றவராகவே தோன்றுவார்; அவருடைய உடலில் பிழையான மரபணு ஒன்று மறைந்திருக்கும். அதே பிழையைச் சுமக்கும் மற்றொருவரை அவர் மணந்தால், நோயின் சில வகைகள் பிள்ளைக்கு வெளிப்படும். மாமன் மகளென்றும் அக்காள் மகளென்றும் சொத்துப் பிரியாதிருக்க நெருங்கிய உறவிலேயே மணமுடிக்கும் வழக்கம் அந்த வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது மருத்துவம் கண்ட உண்மை. ஓவியரின் குடும்பத்தைக் குறித்துச் சொல்வதல்ல இது. நம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் சொல்வது. முற்பிறவியைத் தேடி அலைவோர், முதலில் இப்பிறவியின் திருமணப் பந்தலைத் திரும்பிப் பார்க்கட்டும்!

குழாய்ப் பார்வை கொண்ட கண்ணுக்குத் தாள் முழுவதும் ஒருசேரத் தெரியாது. கோபுரத்தின் அடி தெரிந்தால் முடி தெரியாது. இடம் தெரிந்தால் வலம் மறையும். அத்தகைய கண்ணுடையவர் ஏழெட்டு நிலைக் கோபுரத்தைச் சாய்வின்றிச் சரிவின்றித் தாளில் நிறுத்தினார் என்றால் எப்படி? அளவால்! தொலைவு போகப் போகக் கோடுகள் எவ்விதம் குவிய வேண்டும் என்னும் கணக்கால்! முதலில் பார்த்துக் குறிப்பெடுத்து, நினைவில் நிறுத்தி, பெருக்கிக் காட்டும் கண்ணாடியின் துணையோடு, நல்ல வெளிச்சத்தில், சிறு பகுதி சிறு பகுதியாக முடித்துச் செல்லும் பொறுமையால்! வண்ணத்தை நம்பாமல் வெள்ளைத் தாளில் கருப்பு மையை நம்பியதும் அறிவே. மங்கும் கண்ணுக்கு மிகத் தெளிவாகத் தெரிவது அந்த முரண்தானே. அவர் படங்களில் நிழல் என்பது கோடுகள் நெருங்கிய இடம். வெயில் என்பது கோடுகள் விலகிய இடம். ஆயிரமாயிரம் கோடுகளில் ஒன்று தவறினாலும் அழிக்க இயலாது. ஆய்வுக்கூடத்தில் பழகிய கை, தாளின்மீதும் அந்த ஒழுங்கைக் கைவிடவில்லை.

இத்தனையையும் ஒருவர் செய்து முடித்த பிறகு, "வரம்" என்று ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போவது புகழ்ச்சியா? உழைத்தவனின் கூலியைப் பிடுங்கி உண்டியலில் போடுவதல்லவா அது! கடற்கரையில் பாறையைப் பெயர்க்கும் நால்வரைச் சிலையாக்கினாரே ராய் சௌத்ரி, அந்தச் சிலைக்கு 'உழைப்பின் வெற்றி' என்று பெயர். சாந்தோமின் மேசைமீது விளைந்த கோட்டோவியங்களுக்கும் அந்தப் பெயரே பொருந்தும்.

அந்த இல்லத்தில் உழைத்தவர் ஒருவரல்லர், இருவர். 1972 டிசம்பரில் நேர்ந்த சாலை விபத்தில் அவருடைய துணைவியார் மகிமாவுக்குத் தோளுக்குக் கீழே உடல் செயலிழந்தது. அன்றுதொட்டு 2008இல் அம்மையார் மறையும்வரை, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல், கணவர் உடனிருந்து பேணினார். இருவரும் சேர்ந்து வாழ்த்து அட்டைகள் வெளியிட்டனர். படம் அவருடையது, படத்தை விளக்கும் சொல் அம்மையாருடையது. அவற்றால் வந்த பணம் கண் மருத்துவம் உள்ளிட்ட நற்பணிகளுக்குச் சென்றது.

தோழர்களே, நம் நாட்டில் கற்புக்கரசிகளின் கதைகளுக்குப் பஞ்சமில்லை. தொழுநோய் கொண்ட கணவனைக் கூடையில் சுமந்து, அவன் விரும்பிய தாசி வீட்டில் இறக்கிவிட்டாளாம் நளாயினி! அதைப் பெண்மைக்கு இலக்கணமென்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். கணவன் மனைவியைச் சுமந்த கதை ஒன்றேனும் புராணத்தில் உண்டா? தேடிப் பாருங்கள், கிடைப்பது அரிது. புராணம் எழுத மறந்ததைச் சாந்தோமில் ஒரு மனிதர் வாழ்ந்து காட்டினார். அம்மையாரும் இரக்கத்துக்குரிய பொருளாகக் கட்டிலில் கிடக்கவில்லை. கருத்தும் சொல்லும் தந்து பணியில் பாதியானார். கொள்வோனும் கொண்டவளும் என்று பிரிக்காமல் வாழ்க்கைத் துணைவர் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோமே, அந்தச் சொல்லின் பொருள் இங்கே இருக்கிறது.

இவ்வளவு புகழ்ந்தாயிற்றே, குறை ஒன்றும் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. மறைத்தால் திறனாய்வாகாது.

1997இல் 'கிரீன் வெல் இயர்ஸ்' என்ற நூலையும், 2007இல் 'மல்டிபிள் ஃபாசெட்ஸ் ஆஃப் மை மதுரை' என்ற நூலையும் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்டார். முன்னது, பச்சை நீர் நிறைந்த பெருங்கிணற்றில் சிறுவர் குதித்து நீந்திய 1940களின் மதுரையைக் கதையாகச் சொல்வது. பின்னது, எழுத்தும் ஓவியமுமாக அந்நகரைக் காட்டுவது. ஓவியத்தில் விரியும் மதுரை அமைதியான மதுரை. அன்பு சுரக்கும் மதுரை. கூரைகளுக்கு மேலே கோபுரங்கள் எழுகின்றன. பார்க்கப் பார்க்க அழகு! ஆனால் அந்தக் கோபுர வாயில் எல்லோருக்கும் திறந்திருந்ததா? 1939 சூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட சாதியினரையும் நாடாரையும் அழைத்துக்கொண்டு உள்ளே சென்றபோதுதானே அங்கே தடை தகர்ந்தது! ஓவியர் அன்று சின்னஞ்சிறு குழந்தை. அதற்கு முன்பு, கமுதிக் கோவிலில் நுழையும் உரிமைக்காக இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்ற நாடார்கள் 1908இல் தோற்றுத் திரும்பினர். உழுதவனும் நெய்தவனும் தந்த வரியால் எழுந்த கோபுரம். கல் சுமந்தவன் பேரன் நிற்க வேண்டிய இடமோ தெருக்கோடி!

இந்தக் கொடுமையைக் கோபுர ஓவியம் சொல்லவில்லை. கோட்டின் நயம் கூடக் கூட, கல்லின் வரலாறு மறைகிறது. நினைவில் நின்ற ஊரை வரைபவருக்கு நேரும் இடர் இது. நினைவு, முள்ளை விட்டுவிட்டு மலரை மட்டும் பறித்து வைத்துக்கொள்கிறது. இதை அவருடைய ஓவியத்தின் எல்லை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

அப்படியானால் பகுத்தறிவாளன் இவ்வோவியங்களைப் புறக்கணிக்க வேண்டுமா? "கோபுரமா? எனக்கு வேண்டா" என்று நம் இளைஞர் சிலர் முகம் சுளிப்பதை அறிவேன். அது சரியன்று. கோபுரத்தை எழுப்பியவன் கொத்தன்; சுதை வேலை செய்தவன் கைவினைஞன்; அவனுடைய பெயரைக் கல்வெட்டில் மன்னன் பெயர் மூடிக்கொண்டது. மனோகர் தேவதாசின் பேனா, கருவறைக்குள் எட்டிப் பார்த்து மெய்சிலிர்க்கவில்லை. வெளியே நின்று வேலைப்பாட்டை எண்ணுகிறது. தூணுக்குத் தூண், மாடத்துக்கு மாடம், கொத்தன் எத்தனை முறை உளியை வைத்தானோ அத்தனை முறை இவர் பேனாவை வைக்கிறார். வாயில் மறுக்கப்பட்டவனுக்கும் எஞ்சியிருந்தது வெளியே நின்று பார்க்கும் பார்வைதானே. ஓவியர் எண்ணினாரோ இல்லையோ, அந்த வெளிப்புறப் பார்வை நம் பார்வை. அதைப் பெற்றுக்கொள்வோம், விடுபட்ட வரலாற்றை நாம் எழுதிச் சேர்ப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்குக் கல்வி இருந்தது. நிலையான ஊதியம் இருந்தது. மருத்துவரை அணுகும் வாய்ப்பு இருந்தது. அதே நோயுடைய கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? மாலையானால் தடுமாறும் அந்தப் பிள்ளையைக் கோவிலுக்கு அழைத்துச் சென்று கண்மலர் சாத்துகிறார்கள். வகுப்பில் கரும்பலகை தெரியவில்லை என்றால் மந்தமென்று பின்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுப் பணியில் நூற்றுக்கு நான்கு இடங்களை ஒதுக்குகிறது. அந்த உரிமையைக் கேட்டுப் பெறும் அளவுக்கேனும் அப்பிள்ளை பள்ளியில் நிலைக்க வேண்டாமா? ஒருவரின் மனவுறுதியை வானளாவப் புகழ்ந்துவிட்டு, ஓராயிரம் பேருக்குச் செய்ய வேண்டியதை மறந்துவிடும் நாடகத்துக்கு நாம் கைதட்டக் கூடாது.

ஆசிரியன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது ஒன்று. கால அட்டவணையில் ஓவியப் பாடவேளை இருக்கும். தேர்வு நெருங்கினால் கணக்குப் பாடம் அதை விழுங்கிவிடும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012இல் பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டபோது அவர்களில் ஓவிய ஆசிரியர்களும் இருந்தனர். பணி நிலைப்புக்காக ஆண்டுக்கணக்கில் அவர்கள் தெருவில் நின்று போராட வேண்டியிருந்தது. ஓவியம் கற்றால் உற்று நோக்கக் கற்கிறான் மாணவன். உற்று நோக்கத் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம். பகுத்தறிவுக்குப் பால பாடம் அதுவே. எதையும் அப்படியே நம்பாமல், அருகே சென்று, அளந்து, எண்ணி, பிறகு கோடு போடுவது!

ஆகவே தோழர்களே, படிப்பகம் நடத்துவோர் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் சுவரில் தலைவர்களின் படத்துக்கு அருகே, உங்கள் தெருப் பிள்ளைகள் வரைந்த படங்களையும் ஒட்டுங்கள். வாரத்தில் ஒரு மாலை தாளும் பென்சிலும் கொடுத்து, அவரவர் விரும்பும் பொருளை வரையச் சொல்லுங்கள்: ஆட்டுக்குட்டியோ, அம்மாவின் தையல் இயந்திரமோ, அடையாற்றுக் கரையில் இடிக்கப்பட்ட குடிசையோ! யார் பிள்ளை என்று கேளாதீர்கள். என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். நன்றாக வரைந்தவன் தோளைத் தட்டி, "நல்ல உழைப்பு!" என்று சொல்லுங்கள். அவனுக்குச் சேர வேண்டிய புகழை ஆண்டவன் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.