கோடிக் காதுகளும் கானாப் பாட்டும்

"கோடிப்பேர் கேட்கின்றனர்; உயர்ந்த இசை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?" என்கிறார் ஒருவர். "கோடிப்பேர் கேட்கின்றனர், மலிந்த சரக்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?" என்கிறார் மற்றொருவர். முன்னவர் எம்.கே.பி. நகர் இளைஞர். பின்னவர் மார்கழிக் கச்சேரிக்குச் சால்வை போர்த்திச் செல்லும் ரசிகர். வழக்கு கானாவைப் பற்றியது. இருவரையும் எதிரிகள் என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! இருவர் கையிலும் இருப்பது ஒரே தராசு. இருவரும் தலைகளை எண்ணினர், பாட்டைக் கேட்கவில்லை.

இளைஞரிடம் முதலில் பேசுவோம், அவர் நம்மவர். தம்பி, இராகுகாலம் பார்ப்போர் தொகையும் கோடிதான்! அதனால் இராகுகாலம் மெய்யாகிவிடுமா? ஆகாது என்று மேடைதோறும் முழங்கும் நாம், பாட்டு என்றதும் தலை எண்ணத் தொடங்குவது முறையோ?

அன்றியும், அந்தத் தொகை எதை அளக்கிறது? கடைக்கு வந்த சரக்கில் எது விற்றது என்பதை. கடைக்கே வராத சரக்கைப் பற்றி அது வாய் திறவாது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் இராயபுரத்திலும், துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்து ஓய்ந்தோர் குடிசைகளில் வளர்ந்தது கானா. இழவு வீட்டில் இரவெல்லாம் பாடப்படுவது மரண கானா. இறந்தவன் பெயர் என்ன, அவன் செய்த தொழில் என்ன, விட்டுச்சென்ற மக்கள் யார் யார் என்பதையெல்லாம் பாடகன் அங்கேயே சொல்கோத்துப் பாடுவான். டோலக்கு இல்லையேல் மேசைப் பலகை தாளம் தரும். எழுதிவைத்த ஏடு இல்லை. எதிரே கிடத்தப்பட்டிருக்கும் உடலும், சுற்றி அமர்ந்த உற்றாரும்தான் ஏடு. வாழ்நாளெல்லாம் மூட்டை தூக்கியவனுக்கு எந்தப் புலவன் பரணி பாடினான்? கானாப் பாடகன் பாடினான்!

1990களில் தேவாவின் இசைவழியே கானா திரையில் பரவிற்று. 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் மீன்களின் திருமணத்தைப் பாடினார். தமிழகம் தாளம் போட்டது. நாமும் போட்டோம், மறுக்கவில்லை. ஆயினும் திரை பெரிதும் விரும்பி எடுத்துக்கொண்டவை கும்மாளமும் கேலியுமே. இழவு வீட்டு இரவு பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிட்டது. கோடிப்பேர் அறிந்த கானா, கானாவில் பாதி. மறுபாதிக்குக் கேட்போர் தொகை குறைவு. அதனால் தரமும் குறைவோ?

இனிச் சால்வைக்காரர். எம்.கே.பி. நகர் என்பது மகாகவி பாரதி நகர் என்பதன் சுருக்கம். அந்தப் பாரதி 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில், பொதுமக்கள் விரும்பும் மெட்டில் காவியம் செய்யவேண்டும் என்று கருத்துரைத்தவர் என்பதை அன்னார்க்கு நினைவூட்டுவோம். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியபோதும் தரம் தாழும் என்ற அச்சக்குரல் எழுந்தது. கச்சேரி முடிவில் துக்கடாவாகத் தமிழ் வந்தால் போதுமாம்! 1952இல் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர், வானொலியில் திரைப்பாட்டை ஒடுக்கிப் பார்த்தார். மக்கள் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பினர். 1957இல் விவித் பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. திரைப்பாட்டு உயர்ந்தது என்பதற்கு இது சான்றாகாது. சுவையை ஆணையிட்டு வளர்க்க இயலாது என்பதற்குச் சான்று.

அப்படியானால் எதைக்கொண்டு அளப்பது? பாட்டு எந்தப் பணிக்குப் பிறந்ததோ அதைச் செய்கிறதா, சொல்லும் தாளமும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்று கேட்போம். இராக ஆலாபனையை இழவு வீட்டில் தேடுவதும், மரண கானாவைக் கச்சேரி இலக்கணத்தால் அளப்பதும் ஒரே மடமை.

இந்த அளவுகோல் நம்மவரையும் சுடும். காதலை மறுத்த பெண்ணை ஏசும் கானாக்கள் மலிந்து கிடக்கின்றன. தாளம் துள்ளுகிறது, சொல்லோ இழிவு. நெஞ்சின் வலியைச் சொல்ல வந்த பாட்டு, ஒருத்தியின் ஒழுக்கத்தைத் தூற்றிவிட்டு ஓய்கிறது. நமது பகுதிப் பாட்டு என்பதற்காக இதைப் பொறுக்கவேண்டுமா? பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த இத்துறையில் இசைவாணி வந்தார். 2018இல் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் கானா பாடினார். ஏச்சுப்பாட்டு எழுதும் தம்பிமார் அவர் பாடுவதைக் கேட்டுவிட்டுத் தம் ஏட்டை மறுபடி புரட்டட்டும்.