நினைவாற்றல் பிறவிக் கொடையா?

"எனக்கு ஞாபகசக்தி குறைவு" என்று ஒரு முறையேனும் சொல்லாத மாணவர் அரிது. நினைவாற்றல் பிறக்கும்போதே அளந்து தரப்படுவது என்ற எண்ணமே இப்படிச் சொல்ல வைக்கிறது. இவ்வெண்ணம் சரிதானா? சென்னையில் பிறந்து மங்களூரில் வளர்ந்த ராஜன் மகாதேவனைப் பற்றி வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இக்கேள்விக்கு நேர் எதிரான விடைகளைத் தருகின்றன.

1981ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் மங்களூரில் 'பை' என்னும் எண்ணின் 31,811 இலக்கங்களைப் பிழையின்றி ஒப்பித்துக் கின்னஸ் நூலில் இடம் பெற்றவர் ராஜன். நம்மால் ஒரு முறை கேட்டதும் திருப்பிச் சொல்லக்கூடியவை ஏறத்தாழ ஏழு உருப்படிகளே என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலறிஞர் எழுதினார்.

இங்கே 'உருப்படி' என்றால் என்ன? மாதவரம் வழியாகத் துறைமுகம் செல்லும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருக்கும். மொத்தம் பதினொன்றையும் ஒரே பார்வையில் மனத்தில் வாங்குவது கடினம். ஆனால் முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைக் குறிப்பவை, நான்காவது பெரும்பாலும் 'யூ' என்பதை அறிந்து, அந்தக் கம்பெனியையும் தெரிந்தவருக்கு நான்கு எழுத்துகளும் சேர்ந்து ஒரே உருப்படி ஆகிவிடுகின்றன. அவருடைய மூளை பெரிதாகிவிடவில்லை. அறிவு சுமையைக் குறைத்துவிட்டது.

கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராஜனை ஆராய்ந்த சார்லஸ் தாம்ப்சன், தாடியஸ் கோவன், ஜெரோம் ஃபிரீமன் ஆகிய மூவரும் 1993இல் நூல் ஒன்றை வெளியிட்டனர். ராஜன் எண்களுக்குக் கதை கட்டிப் பொருள் கற்பிப்பதில்லை. எந்த இடத்தில் எந்த இலக்கம் என்றே பதித்துக்கொள்கிறார். ஆகவே அவருடைய அடிப்படைக் கொள்ளளவே பிறவியில் பெரிது என்பது அவர்களது கருத்து. அளவீடுகளில் அவர்கள் காட்டிய பொறுமை பாராட்டுக்குரியது. ஆனால் முதன்மை ஆதாரமாக நின்றவை எண் சோதனைகளே. ராஜனோ அதற்கு முன்பே பல்லாயிரம் இலக்கங்களில் பழகியவர். நீச்சல் வீரனைத் தண்ணீரில் சோதித்துவிட்டு, அவன் பிறவியிலேயே பலசாலி என்று முடிவு கட்டலாமா?

2004இல் ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் வெளியிட்ட கட்டுரை இந்தக் குறையைத் தீர்க்க முயல்கிறது. அவர்கள் எண்களுக்குப் பதிலாக ராஜனுக்குப் பழக்கமில்லாத குறியீடுகளைக் கொடுத்தனர். விளைவு வியப்பானது. எண்களில் பிறரை வெகுதூரம் விஞ்சியவர், குறியீடுகளில் சாதாரணக் கல்லூரி மாணவரின் நிலைக்கு வந்துவிட்டார்! பின்னர் குறியீடுகளை எண்களாக மாற்றிக்கொள்ளப் பழகியதும் அவருடைய திறன் மீண்டும் உயர்ந்தது. கொள்ளளவு பெரியதென்றால் அதில் எதை ஊற்றினாலும் நிறைய நிற்க வேண்டுமல்லவா?

இது தனித்த சான்றும் அன்று. 1980இல் எரிக்சனும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், சாதாரண மாணவர் ஒருவர் ஏறத்தாழ 230 மணி நேரப் பயிற்சியால் 7 இலக்கங்களிலிருந்து 79 இலக்கங்களுக்கு முன்னேறினார். ஆனால் எழுத்துகளைக் கொடுத்ததும் அவர் ஆறுடன் நின்றுவிட்டார்.

2004 கட்டுரையிலும் குறைகள் உண்டு. ராஜனே அதன் ஆசிரியர்களுள் ஒருவர். தம் மனம் இயங்கும் விதத்தை அவரே விளக்குவது ஒரு நன்மை. ஆனால் எந்த விடை எதிர்பார்க்கப்படுகிறது என்பதை அறிந்தவரே சோதனைக்கு உட்படுகிறார் என்பதையும் மறக்கலாகாது. மேலும், வளர்ந்த ஒருவரிடம் இன்று செய்யும் சோதனை, எண்களின் மீது அவருக்குச் சிறுவயதில் ஏன் அத்தனை ஈர்ப்பு உண்டாயிற்று என்பதைச் சொல்லாது. பயிற்சி எவ்வழியில் வேலை செய்கிறது என்பதை அக்கட்டுரை காட்டிவிட்டது. பிறவிக் கூறு எதுவுமே இல்லை என்பதைக் காட்டவில்லை. 'யாரும் ராஜன் ஆகலாம்' என்று அதிலிருந்து முடிவு செய்வது அவசரம்.

எனினும் இரண்டையும் ஒப்பிட்டால் பின்னையதே வலுவானது. மாணவர்களுக்கு அது தரும் பாடம் இரண்டு. ஒன்று, நினைவு குறைவு என்று மனம் தளரக் காரணமில்லை. இரண்டு, எண்களில் பெற்ற திறன் குறியீடுகளுக்கு உதவவில்லை என்பதால், எதையேனும் மனப்பாடம் செய்து 'மூளையைக் கூர்மையாக்கி' வேறு பாடத்தில் வெல்லலாம் என்று நம்பவும் இடமில்லை. வேதியியல் நினைவில் நிற்க வேண்டுமானால், தனிமங்களுக்கிடையே உள்ள உறவுகளைப் புரிந்துகொண்டு, அங்கேயே உருப்படிகளைச் சேர்த்துக் கட்டப் பழகுங்கள்.