'டோலின்': பொருள் திரிந்த ஒரு நிலவியல் கலைச்சொல்

சுண்ணாம்புப் பாறை நிலத்தில் மழைநீர் பாறையைக் கரைப்பதாலோ குகையின் கூரை இடிந்து வீழ்வதாலோ தோன்றும், புறப்போக்கற்ற பள்ளத்தை நிலவியலார் 'டோலின்' என்பர். இது அப்பள்ளத்தைக் குறிக்கும் ஸ்லாவியச் சொல் எனப் பல கையேடுகள் விளக்கம் தருகின்றன. இவ்விளக்கம் பாதியே உண்மை. ஸ்லாவிய மொழிகளில் 'டோலினா' என்பதன் பொதுப்பொருள் பள்ளத்தாக்கு என்பதாகும். 'தாழ்வு' என்னும் பொருளுடைய 'டோல்' அதன் அடிச்சொல். ஜெர்மானியத்தின் 'தால்' அதற்கு இனச்சொல்.

பள்ளத்தாக்கு குழியானது எவ்வாறு? இத்தாலியின் திரியேஸ்தே நகரை ஒட்டி, பெரும்பாலும் இன்றைய சுலோவேனியாவில் அமைந்த 'கிராஸ்' மேட்டுநிலமே இதற்கு விடை தருகிறது. 'கார்ஸ்ட்' என்னும் கலைச்சொல்லும் அந்நிலத்தின் பெயரிலிருந்தே பிறந்தது. அங்கு மழைநீர் பாறை வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடுவதால் மேற்பரப்பில் ஆறுகள் அரிது; ஆறு குடைந்த பள்ளத்தாக்கும் அரிது. செம்மண் தேங்கிய பள்ளங்களின் அடியிலேயே மக்கள் சிறு வயல்களைப் பயிரிட்டனர். அந்நிலத்தார் அறிந்த தாழ்நிலம் அதுவே. அதனை 'டோலினா' என்றழைத்ததில் பிழை காண இடமில்லை.

ஆஸ்திரிய நிலவியலார் இவ்வட்டார வழக்கை 'டோலினெ' என ஜெர்மானியமாக்கி வழங்கினர். செர்பியப் புவியியலாளர் யோவான் ஸ்வியிச் 1893இல் வியன்னாவில் ஜெர்மானிய மொழியில் வெளியிட்ட ஆய்வு அதனை நிலைபெறச் செய்தது. கிண்ணம், புனல், கிணறு ஆகிய வடிவங்களின் அடிப்படையில் அவர் இப்பள்ளங்களை வகைப்படுத்தினார். 'வயல்' எனப் பொருள்படும் 'போல்யே' என்ற சொல்லும் இவ்வாறே கலைச்சொல்லாயிற்று. ஸ்வியிச்சின் தாய்மொழியில் இக்குழிக்கு 'வ்ர்த்தாச்சா' என்னும் தனிச்சொல் இருந்தும் உலக வழக்கை எய்தியது 'டோலின்' என்பது கருதத்தக்கது. சொல்லின் பரவலைத் தீர்மானித்தது அதன் பொருத்தமன்று. அக்காலத்து ஜெர்மானிய ஆய்வுமொழியின் செல்வாக்கே எனலாம்.

இதன் விளைவு விந்தையானது. பிரெஞ்சும் ஆங்கிலமும் இச்சொல்லைத் தடையின்றி ஏற்றன. ஸ்லாவிய மொழிகளான உருசியமும் போலிசும் ஏற்கவில்லை. அவற்றில் 'டோலினா' பள்ளத்தாக்காகவே வழங்குவதால், உருசியர் 'வரோன்கா' என்றும் போலந்தினர் 'லெய்' என்றும் புனலைக் குறிக்கும் சொற்களை ஆள்கின்றனர். சொல் பிறந்த மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த இவ்விரு மொழிகளிலேயே அதற்கு இடமில்லை.

இதனை வெறும் பிழையெனத் தள்ளுவது பொருந்தாது. 'சிங்க்ஹோல்' என்னும் ஆங்கிலச் சொல் இன்று கழிவுநீர்க்குழாய் உடைந்து சாலை உள்வாங்குவதையும் குறிக்குமளவு விரிந்துவிட்டது. பொதுமக்கள் நாவில் புழங்காத 'டோலின்' தன் வரையறையைக் காத்துக்கொண்டது. வேற்றுமொழியில் அச்சொல்லின் பொருள் புலப்படாமையே அதற்கு அரணாயிற்று.

தமிழ்ப் பாடநூல்களில் காணும் 'உறிஞ்சுதுளை' என்பதையும் இவ்வாறு சோதித்தல் தகும். அச்சொல் நீரை உள்வாங்கும் வாயைச் சுட்டுகிறது. அது 'பொனோர்' என்னும் மற்றொரு கார்ஸ்ட் சொல்லுக்கே நெருக்கமானது. அடியில் வயல் கொண்ட அகன்ற கிண்ணப் பள்ளத்தை அது உணர்த்தாது. யாழ்ப்பாணச் சுண்ணக்கல் நிலம் இடிந்து உருவான நிலாவரை நீர்நிலைக்கும் அது முற்றும் பொருந்தவில்லை. அதனை அவ்வூர் மக்கள் கிணறு என்றே வழங்குகின்றனர்.