பல குரல் வந்த வழி

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளியிலும் பல குரல்களுக்கும் பல வாத்தியங்களுக்கும் சேர்த்து இசை எழுதியவர்களில் பெரும்பாலோர் இசையால் பிழைத்தவர்கள் அல்லர். ஆசிரியர், போதகர், வைத்தியர், கட்சி ஊழியர் என்று அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. எழுதியதை நாலு பேர் முன்னால் வைப்பார்கள், பாடிப் பார்ப்பார்கள், இடறும் இடத்தை அடித்து எழுதி மறுபடி பாடுவார்கள். ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவரும் இந்த வேலைக்குத் தமிழ் இசை வரலாற்றில் ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படவில்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியபின், அப்படி ஒன்று நடந்ததே இல்லை என்ற நினைப்பு இன்னும் வலுத்துவிட்டது.

அந்த அரங்கேற்றத்தை ஒட்டி மேடைக்கு மேடை இரண்டு பேச்சுகள் கேட்டன. ஆசியாவிலேயே இதுதான் முதல் சிம்பொனி என்பது ஒன்று. ஆனால் ஜப்பானின் கோசாகு யமாதா பெர்லினில் மாணவராக இருந்தபோதே, 1912இல், ஒரு சிம்பொனி எழுதி முடித்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சுப்பிரமணியத்தின் ‘ஃபேன்டசி ஆன் வேதிக் சான்ட்ஸ்’ 1985இல் ஜூபின் மேத்தா நடத்த, நியூயார்க் ஃபில்ஹார்மனிக்குடன் அரங்கேறியது. ரவிசங்கரின் சிம்பொனியை 2010இல் லண்டன் ஃபில்ஹார்மனிக் வாசித்தது. ஆகவே முதலிடம் பற்றிய பேச்சு வெறும் கைதட்டலுக்கு ஆனது. அதனால் பெரிய தீங்கில்லை. இரண்டாவது பேச்சுதான் கெடுதல் செய்வது. மேற்கத்திய இசையின் வாடையே படாத ஒரு குக்கிராமத்திலிருந்து, யார் துணையும் இல்லாமல் ஒரு மேதை தானாகக் கிளம்பினார் என்பது அது. இளையராஜா சொன்ன கதை இதுவல்ல. மேற்கத்திய இசை கற்றுத்தந்த தன்ராஜ் மாஸ்டரிடம் படித்ததை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ரசிகர்களுக்குத்தான் ஆசிரியரும் வகுப்பறையும் இல்லாத கதை தேவைப்படுகிறது.

கதையைத் தஞ்சாவூரிலிருந்து தொடங்கலாம். சரபோஜி அரண்மனையின் பேண்டும் முத்துசுவாமி தீட்சிதரின் நொட்டுசுர சாகித்தியங்களும் வாசகர் அறிந்தவையே. நொட்டுசுரத்தில் ஐரோப்பிய மெட்டு வந்தது. மெட்டுக்கு அடியில் ஓடிய துணைக்குரல்கள் வரவில்லை. கர்நாடக இசை ஒற்றை வரியைத் தன் வழியில் ஆழப்படுத்திக்கொண்டு போனது. பல குரல் பழகியது அரண்மனையில் அல்ல, கிறிஸ்தவ தேவாலயப் பாட்டில். அதுவும் மதுரைப் பக்கத்தில் சற்றுத் தாமதமாக.

1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர் எட்வர்ட் வெப். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலானோரின் பாடல்களைத் திரட்டி அவர் 1853இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பு, சபைகளின் பாட்டை இரண்டாகப் பிரித்தது. ராக தாளத்தோடு பாடுவது கீர்த்தனை. ஐரோப்பிய மெட்டுக்கு மொழிபெயர்த்துப் பாடுவது பாமாலை. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆராதனையில் இரண்டும் ஒலித்தன. சபையின் பாடகர் குழுவில் இருந்த பள்ளி ஆசிரியருக்கு, பாமாலைக்குப் போடும் நாலு குரலைக் கீர்த்தனைக்கும் போட்டால் என்ன என்ற ஆசை வருவது இயல்பு. அங்கிருந்துதான் இந்தத் துறை தொடங்குகிறது.

ஆசையை நிறைவேற்றக் கைகொடுத்தது டானிக் சோல்ஃபா. ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பு தெரியாதவரும் எழுத்துகளையும் புள்ளிகளையும் கொண்டு நாலு குரலையும் தாளில் எழுதிவிடலாம். அச்சகம் வேண்டாம், பியானோவும் வேண்டாம். எழுதியவரின் தப்பு ஒத்திகையில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆல்ட்டோவுக்கு ஒரே சுரத்தை எட்டு தாளத்துக்கு எழுதியிருந்தால் பாடும் பெண்கள் முகம் சுளிப்பார்கள். பேஸ் கீழே எட்டாமல் முனகும். சங்கராபரணத்தில் அமைந்த கீர்த்தனை நாலு குரலுக்கு எளிதில் வளையும். தோடிக்கு வந்தால் திணறல்தான். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, நிற்காத சுரத்தின் மேல் ஸ்வரக்கட்டு எழுப்ப முடியாது. எந்த நூலும் சொல்லாமலேயே பாடகர் குழுக்கள் பாடிப் பாடிக் கண்டறிந்த பாடம் இது.

இந்த வழியில் வந்தவர்களில் பெரியவர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). தஞ்சாவூர் அவரைச் சொந்தம் கொண்டாடுகிறது, நியாயம்தான். ஆனால் ஆசிரியப் பயிற்சிக்கு வந்த திண்டுக்கல்லில்தான் சடையாண்டிப் பத்தரிடம் அவர் இசை கற்றார். பிழைப்பு சித்த மருத்துவம். மருந்து விற்ற காசில் இசை ஆராய்ச்சி செய்து, 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை வெளியிட்டார். சுருதிக் கணக்கில் அவர் சொன்ன முடிவுகளை இன்று எல்லோரும் ஏற்பதில்லை. அவர் செய்த வேறொரு காரியம் அதைவிட முக்கியமானது. 1912 முதல் தன் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டி, வித்துவான்களை உட்கார வைத்து, தன் முடிவுகளை அவர்கள் முன் வைத்து வாதிட்டார். அங்கே அவருக்கு மறுப்பும் கிடைத்தது. எழுதுகிறவர் தன் செலவில் விமர்சகர்களை வரவழைத்த வேறு எடுத்துக்காட்டு தமிழில் அரிது.

நாடக மேடையின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சங்கரதாஸ் சுவாமிகளும் மதுரை பாஸ்கரதாஸும் எழுதிய பாட்டுகளுக்கு ஒன்ஸ்மோர் கேட்ட கூட்டம் ஈவு இரக்கமற்ற விமர்சகர். பிடிக்காத பாட்டு மறுநாள் இரவு மேடையில் இருக்காது. ஆனால் ஆர்மோனியமும் மிருதங்கமும் பாடகரும் ஒரே வரியைத்தான் துரத்தினார்கள். பாவலர் வரதராசனும் அப்படியே. அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பி, சினிமா மெட்டுக்குக் கட்சிப் பாட்டு எழுதி, 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடியவர் அவர். இளையராஜா உள்ளிட்ட தம்பிகள் அந்த மேடையில் கற்றது, கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பாட்டை மாற்றுவது. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா கற்றது மறுபாதி: எழுதிக் காட்டி, குறை கேட்டு, திருத்தி எழுதுவது. வி. எஸ். நரசிம்மன் போன்ற வயலின் கலைஞர்கள் ஸ்டூடியோவில் அவர் தாளைப் பார்த்த கணமே வாசித்துக் காட்டினார்கள். காலையில் எழுதியதை மதியத்துக்குள் காதால் கேட்கும் வாய்ப்பு ஐரோப்பாவின் பல இசைக் கல்லூரி மாணவர்களுக்கும் கிட்டாதது. தியாகராஜருக்கும் ஐரோப்பிய இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக்கிய ‘ஹவ் டு நேம் இட்’ (1986) ஆல்பத்தின் கைத்திறன் அந்த அன்றாடப் பயிற்சியில் விளைந்தது. 1993இல் ராயல் ஃபில்ஹார்மனிக்குடன் ஒலிப்பதிவான சிம்பொனி வெளிவராமலே போனது. ‘திருவாசகம்’ 2005இல் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு வந்தது. இதற்குமேல் அவரைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. எழுத ஆட்கள் ஏராளம்.

எழுத ஆள் இல்லாதவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் பேராசிரியர். மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன். மேற்கத்திய பாடகர் குழு இசையில் ஊறியவர், நாலு குரல் எழுதத் தெரிந்தவர், மெல்லிசையும் அமைத்தவர். அவர் அந்தத் தேர்ச்சியோடு கிராமியப் பாட்டுக்குத் திரும்பினார். கீர்த்தனையின் கர்நாடக இசை சாதியின் உயரத்திலிருந்து பேசுகிறது, பாமாலை வெள்ளைக்காரன் குரலில் பேசுகிறது. சபையில் பெரும்பாலோராக இருக்கும் தலித் மக்களின் இசை வாசலுக்கு வெளியே நிற்கிறது என்பது அவர் வாதம். பறையை அவர் ஆராதனைக்குள் கொண்டுவந்தபோது முதலில் எதிர்த்தவர்களில் தலித் கிறிஸ்தவர்களும் உண்டு. சாவு வீட்டில் அடிக்க வைக்கப்பட்ட கருவியை மறக்க நினைத்தவர்களுக்கு அது காயத்தைக் கிளறுவதாகத்தான் தோன்றும். அந்த எதிர்ப்பையும் அவர் பதிலாகவே எடுத்துக்கொண்டார்.

அப்பாவுவின் அடிப்படைக் கருத்து எளிமையானது, ஆனால் எழுதுகிறவனின் அகந்தைக்கு ஒவ்வாதது. பாட்டைக் கட்டுகிறவர் முதல் வரைவைத்தான் தருகிறார். பாடுகிறவர்கள் சொல்லையும் சந்தத்தையும் மாற்றிப் பாடும்போதுதான் அது முடிவடைகிறது. மாணவர்கள் அவர் பாட்டுகளைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மாறிய வரிகளைப் பிழை என்று அவர் ஒதுக்கவில்லை. அச்சிட்ட சுரக்குறிப்பு பாட்டை உறைய வைக்கிறது என்று சந்தேகப்பட்ட அவரே, ஒலிநாடாவுக்கு இசைக்குழு அமைக்கும்போது துணைக்குரல்களையும் எழுதினார். இந்த முரணை அவர் தீர்த்துவிடவில்லை என்பது அவர் இசையின் பலவீனம். சில பதிவுகளில் கீபோர்டு பறையை அமுக்கிவிடுகிறது. ஆனாலும் மதுரைச் சமவெளியில் இசை அமைப்பதையும் எதிர்வினை கேட்பதையும் ஒரே வேலையாகச் செய்தவர்களில் முதன்மையானவர் அவர். 2005இல் மறைந்தார். அவரைப் பற்றி சோயி ஷெரினியன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2014இல் ஆங்கிலத்தில் முழு நூல் எழுதினார். தமிழ் இசை விமர்சனம் சங்கராபரணத்தின் சாயல் எந்தப் படத்தில் எந்தப் பாட்டில் வந்தது என்று இன்னும் பட்டியலிட்டுக்கொண்டிருக்கிறது.

தொழில் வேறாக இருந்தவர்கள் ஒருவரையொருவர் திருத்தி ஒரு நாட்டின் இசையையே மாற்றியதற்குச் சான்று ரஷ்யாவில் உண்டு. 1860களின் பீட்டர்ஸ்பர்க்கில் இசையமைப்பாளர் பலகிரெவைச் சுற்றிக் கூடியவர்களில் போரோதின் வேதியியல் பேராசிரியர், கூயி கோட்டை கட்டும் பொறியாளர், ரிம்ஸ்கி-கோர்சகோவ் கடற்படைக்காரர், முசோர்க்ஸ்கி அரசு ஊழியர். ரிம்ஸ்கி கப்பலில் போனபோது அவர் எழுதிய சிம்பொனியின் பகுதி தபாலில் வந்தது. பலகிரெவ் குறை சொல்லி எழுதினார். 1865 டிசம்பரில், 1862இல் தொடங்கிய இலவச இசைப் பள்ளியின் கச்சேரியில் பலகிரெவ் அதை நடத்திக் காட்டினார். பலகிரெவ் முரடர், சொந்த ருசியைத் திணிப்பவர். ஆனால் அவரிடம் ஒரு பள்ளியும் ஒரு இசைக்குழுவும் இருந்தன, எழுதியது ஒலித்தது.

இன்றைய மதுரையில் எழுதுகிறவருக்குக் குறைவில்லை. இலவச மென்பொருளில் சிம்பொனி அளவுக்குத் தாள் தயாரிக்கலாம், பதிவுசெய்த ஒலிமாதிரிகளைக் கொண்டு அறுபது வயலின்களை ஒலிக்க வைக்கலாம். பொறியியல் மாணவரும் கணினி ஊழியரும் இரவில் இதைச் செய்கிறார்கள். ஒலிமாதிரி பொய் சொல்லும். அதில் புல்லாங்குழலின் கீழ்ச்சுரங்கள் டிரம்பெட்டுக்கு மேலே கேட்கும். அரங்கில் அவை காணாமல் போகும். ஊதுகிறவருக்கு மூச்சு வேண்டும் என்பது கணினிக்குத் தெரியாது. பத்து வயலின்கள் ஒரே கமகத்தை ஒரே வேகத்தில் இழுப்பதில்லை. அதைச் சமாளிக்க வில்லின் போக்கையும் சறுக்கலின் அளவையும் தாளில் எழுத வேண்டும். இவற்றைச் சொல்ல ஒரு வாத்தியக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும். ‘அருமை’, ‘ராஜா சார் மாதிரியே இருக்கு’ என்ற இரண்டு சொற்கள் அந்த இடத்தை நிரப்பியிருக்கின்றன. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுக்குத் தயார்செய்யும் கீபோர்டு வகுப்புகள் வாசிக்கக் கற்றுத்தருகின்றன. எழுதியதைக் கேட்க அவற்றிலும் இடமில்லை.

இதற்கு லண்டனுக்கோ புடாபெஸ்டுக்கோ வாடகைக்கு இசைக்குழு தேடிப் போவதுதான் வழி என்ற எண்ணம் இப்போது பரவுகிறது. அது வசதியுள்ளவருக்கு ஒரு மதியப் பதிவைத் தரும், திருத்த நேரம் தராது. ஊரில் இருப்பதை எண்ணிப் பார்க்கலாம். பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது; வயலின், வீணை, நாதசுரம், தவில் படித்தவர்கள் அங்கிருந்து வருகிறார்கள். மிஷன் பாட்டு வளர்ந்ததும் அதே பசுமலைதான், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. நாலு குரல் பாடும் பாடகர் குழுக்கள் நகரெங்கும் உள்ளன. கல்யாண ஊர்வலத்தில் வாசிக்கும் பேண்டு செட்டுகளில் கிளாரினெட், டிரம்பெட், சாக்ஸபோன், யூஃபோனியம் இருக்கின்றன. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்துக்கு நாதசுரம் வாசித்த சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் இந்த ஊர்க்காரர்கள். நையாண்டி மேளத்தில் உறுமியும் பம்பையும் உண்டு. ஓபோவும் பசூனும் பிரெஞ்சு ஹார்னும் எளிதில் கிடைக்காது. அவற்றுக்கு எழுதாமல் விட்டுவிடலாம்.

இருப்பவர்களைச் சேர்த்து ஒத்திகை வைத்தால் சுருதி ஒத்துவருமா என்பதுதான் அடுத்த கேள்வி. பாரி நாதசுரம் இரண்டரைக் கட்டையில் நின்றால் அது மேற்கத்தியக் கணக்கில் இ-ஃப்ளாட். பேண்டு செட்டின் பி-ஃப்ளாட் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் அதை எஃப் சுரத்தில், தாளில் ஒரே ஒரு ஃப்ளாட் குறியோடு படிக்கும். ஆல்ட்டோ சாக்ஸபோன் குறியே இல்லாத சி சுரத்தில் படிக்கும். சொப்ரானோவுக்கும் பேஸுக்கும் அந்தச் சுருதி தொண்டையை வருத்தாது. நாதசுரம் இரண்டு கட்டைக்கு இறங்கினால் கிளாரினெட்காரர் நாலு ஷார்ப்பில் தவிப்பார். முதல் ஒத்திகைக்கு வரும் தாள்கள் இரண்டரைக் கட்டையில் இருப்பது நல்லது.